ஓரங்காலி சொன்னது யார்?

விசாலாட்சி மேடத்தின் கேஸ்களை எழுதி வைப்பது என் வேலை. இதுவரை நாற்பத்திரண்டு எழுதியிருக்கிறேன். துப்புத் துலக்குவது அவர் என்றாலும் ஒவ்வொன்றிலும் என் வசனம்தான் அதிகமாக இருக்கும். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இந்த நாற்பத்து மூன்றாவதை எழுதத்தான் கை கூசுகிறது. வேண்டாம் மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன், எனக்கு உன்னைப் போலப் பூசி மெழுக வராது என்றார். அவர் எழுதுவதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில், பைக் சீட் கவர் தைக்கும் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். மேடம் முப்பத்தொரு வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயிலில் வரும் தபால்களை ஊர் ஊராகப் பிரிக்கும் இடத்தில், வேலை பார்த்தவர். தெருப் பெயர் இல்லாத கடிதம், ஊர் பாதி அழிந்த கடிதம் எல்லாவற்றையும் உரியவர் கையில் சேர்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு கடிதத்துக்குப் பதிலாக ஆட்களைத் தேடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஆரோக்கிய ஜெனித். வயது முப்பத்தாறு. தமிழ் எம்.ஏ. படித்தேன், அதனால் ஆறு வருஷமாக அவருக்கு உதவியாளன்.

அந்த வியாழக்கிழமை காலையில் முதலில் கருவாட்டு வாசனை படியேறி வந்தது. பின்னாலேயே அந்த அம்மா வந்தார். நல்ல உயரம், எங்கள் கதவு நிலையில் குனிந்துதான் நுழைந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெயர் முனியம்மாள், மரக்காணம் பக்கம் ஓடைமேட்டுக்குப்பம், புருஷன் போய் இருபது வருஷம் ஆகிறது, கருவாட்டு வியாபாரம் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லி முடித்தார். வியாபாரத்தை நீங்கள் சொல்லவே வேண்டாம், படியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பதினான்கு வருஷத்துக்கு முன் திண்டிவனத்துப் பேராசிரியர் சேரன் என்பவர் வெளியிட்ட வட்டாரச் சொல்லகராதியின் ஒரு பக்கம் அது. ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

"ஓரங்காலி: கணவனை இழந்தவள். ஆண்கள் தொழிலுக்குப் புறப்படும்போது கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் நிறுத்தப்படுபவள். கடலோர மீனவர் வழக்கு. தகவல்: கருவாட்டு முனியம்மாள், ஓடைமேட்டுக்குப்பம்."

மேடம் அதை உரக்கப் படித்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முனியம்மாள் சொன்ன கதை இது. போன மாதம் திண்டிவனத்தில் ஒரு விழா. மேடையில் ஒரு பெண், நம் பக்கத்துச் சொற்கள் என்ற தலைப்பில் பேசும்போது இந்தச் சொல்லைப் படித்து, சொன்னவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே படித்திருக்கிறாள். யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஓடைமேட்டுக்குப்பத்தில் அது இல்லாத போன் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் குப்பத்து விதவைகளை ஓரங்காலி என்று கூப்பிட ஆரம்பித்தன. குப்பத்தில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது, அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. தாலியறுத்த பெண்கள் அங்கே வலையைத் தூக்கிக் கொடுத்துப் படகு தள்ளுகிறவர்கள். ஊர்மேல் இப்படி ஒரு பழியைப் போட்டுக் கொடுத்தது முனியம்மாள்தான் என்று மூன்று வாரமாக அவருடன் யாரும் பேசுவதில்லை. சந்தைக்குப் போகும் லோடு ஆட்டோவில் அவர் கூடையை ஏற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அதில் அவர் எல்லார் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஊரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"உங்களாண்ட யாராவது வந்து வார்த்த கேட்டாங்களா?" என்றார் மேடம்.

"யாரும் வரலம்மா. அச்சுல வந்திருக்குது, நீ சொல்லாமலா வந்துதுன்றாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, அச்சோட நான் எப்பிடிச் சண்ட போடறது? ஆனா சொல்லாத சொல்லுக்கு நான் ஏன் விழணும்?"

இந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்தேன். இது அச்சாபீஸ்காரர்கள் வேலையாகத்தான் இருக்கும், ஹோட்டல் மெனுவிலேயே இல்லாத பலகாரத்தைப் போடுகிறவர்கள் அகராதியை விடுவார்களா என்றேன். பேராசிரியர் வேறு இறந்துவிட்டார் என்று கேள்வி, இனி யாரைக் கேட்பது என்றும் சொன்னேன். மேடம் என்னைப் பார்க்காமல் முனியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊர்ல எத்தினி முனியம்மா?"

"அஞ்சு பேரு இருக்கிறோம்."

"உங்கள எப்பிடிக் கூப்புடுவாங்க?"

"நெட்ட முனியம்மான்னு."

"கருவாட்டு முனியம்மான்னு யாரும் சொல்றதில்லையா?"

வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அம்மா முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "எங்க ஊர்ல கருவாடு போடாத பொம்பள யாரும்மா? அப்பிடிக் கூப்புட்டா ஊரே திரும்பிப் பாக்கும்."

மேடம் ஜெராக்ஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரே ஆளுக்குச் சொந்த ஊரில் ஒரு பெயர், சந்தையில் ஒரு பெயர் இருக்கும் என்று தபால் பிரித்த அனுபவத்தை வைத்து அடிக்கடி சொல்வார். இந்தப் பெயரைப் போட்டவன் குப்பத்துக்கே போகவில்லை, இந்த அம்மாவை வெளியில் எங்கேயோ பார்த்திருக்கிறான் என்று அவர் சொன்னபோது முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் அவரை நம்பிய முதல் ஆள் மேடம்தான் என்று தோன்றியது.

அரை மணி நேரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் இருந்தோம். வழக்கமாகப் பஸ்ஸில் நான் வாயை மூட மாட்டேன். அன்றைக்கு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கினேன், அதாவது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு போகும் என்று பூனைக்கு ஒரு நினைப்பு.

பேராசிரியர் சேரன் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் மகள் காயத்ரி இருந்தார். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா சேர்த்த சொல் அட்டைகளை ஒன்றுகூட எறியாமல் பெரிய பெரிய பிஸ்கட் டின்களில், எழுத்து வரிசைப்படி அலமாரியில் வைத்திருந்தார். அகராதி எப்படி உருவானது என்று மேடம் கேட்டார். காயத்ரி விளக்கமாகச் சொன்னார்.

ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது அட்டை கொண்டுவர வேண்டும். அட்டையில் சொல், பொருள், சொன்னவர் பெயர், ஊர். மூலையில் சேகரித்த மாணவனின் வரிசை எண். பேராசிரியர் சிக்கனக்காரர். அட்டைக்கென்று யாரும் கடையில் வாங்கக் கூடாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் எழுத வேண்டும். இன்னொரு கண்டிப்பும் உண்டு. சொன்னவர் பெயர் இல்லாத அட்டையை அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார். உயிரோடு இருக்கும் ஒருத்தர் பெயரைப் போட்டு எவனும் பொய் எழுத மாட்டான் என்பது அவர் நம்பிக்கை.

"ஓரங்காலி மேல அப்பாவுக்குத் தனி மரியாதைங்க" என்றார் காயத்ரி. "ஒரு ஊரு பொம்பளைங்களோட துக்கம் மொத்தமும் ஒரே வார்த்தையில இருக்குதுன்னு சொல்லுவார். அந்த அட்டைய வகுப்புல படிச்சுக் காட்டினப்ப எல்லாரும் கை தட்டினாங்களாம்."

அலமாரியில் நாற்பது டின்னாவது இருக்கும். 'ஓ' டின்னை நான் பார்க்கிறேன் என்று முந்திக்கொண்டு எடுத்தேன். தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். இதில் இல்லை மேடம், எலி தின்றிருக்கும், தமிழ் படித்த எலி போலிருக்கிறது என்றேன். மேடம் டின்னைத் தன் பக்கம் இழுத்தார். முப்பத்தொரு வருஷம் கடிதம் பிரித்த விரல்கள் அவை. சீட்டுக் கட்டைப் போல அட்டைகள் ஓடின. பத்து நொடிகூட ஆகியிருக்காது, ஒன்றை உருவி வெளியே எடுத்தார்.

முன்பக்கத்தைப் படித்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே அப்படி என்ன இருந்ததோ, அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"கண்ணு மங்கிப்போச்சா ஜெனித்?"

"எம்.ஏ. படிச்ச கண்ணு மேடம். அவ்ளோதான் தெரியும்."

மூலையில் 31 என்று எண் போட்டிருந்தது. முப்பத்தொன்றாம் எண் மாணவன் யார் என்று தெரிய அந்த வருஷத்து வருகைப் பதிவேடு வேண்டும். அது எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டதாகக் காயத்ரி வருத்தப்பட்டார். அப்பாவின் புத்தகத்தில் ஒரு பொய் இருந்தால் அதைத் திருத்தாமல் விடக் கூடாது, அவர் இருந்திருந்தால் இந்நேரம் அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார் என்றார். நான் அந்த இடத்திலேயே இருக்கப் பிடிக்காமல் செருப்பு மாட்டுவதற்காக முதலில் வெளியே வந்தேன். மேடம் அட்டையை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

பதிவேடு இல்லையே, இனி வழி அடைத்துப் போயிற்றே என்றேன். என் குரலில் வருத்தம் போதவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மேடம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்றார். முனியம்மாள் கூடையை இறக்கி உட்காரும் இடம் அங்கேதான் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தார்.

இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் கோவிந்தம்மாள் இருந்தார். முனியம்மாளுக்கு இருபத்தைந்து வருஷத்துச் சிநேகிதி. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மல்லாட்டை இருக்கும் இடத்தில் நான் இருப்பேன். விசாரணை என்ற பெயரில் கூடைக்கார அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்து ஒரு கை அள்ளாமல் நான் திரும்பியதில்லை. அன்றைக்கு எனக்குத் தலைவலி. பால் பூத்துக்குப் பின்னால் நிழலில் நிற்கிறேன், நீங்கள் பேசுங்கள் மேடம் என்று நழுவினேன். ஆனால் காதில் எல்லாம் விழுந்தது.

கருவாட்டு முனியம்மாள் என்று பெயர் வைத்ததே இந்த பஸ் ஸ்டாண்டுதான் என்றார் கோவிந்தம்மாள். இவரை மல்லாட்டை கோவிந்தம்மா என்பதும் அப்படித்தான். பல வருஷத்துக்கு முன்னால் யாராவது படிக்கிற பையன் வந்து பெயர் கேட்டதுண்டா என்று மேடம் கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு பையன் வருவாம்மா. காலேஜ் விட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது மல்லாட்ட வாங்கித் தின்னுவான். நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஒரு நாளு மடியில அட்டைங்கள வச்சிக்கினு எழுதினு இருந்தான். முனியம்மாவாண்ட பேரு இன்னா, ஊரு இன்னான்னு கேட்டான். அதுவும் ஏவாரத்து மும்முரத்துல சொல்லிச்சு. அதுக்கே ஞாபகம் இருக்காது. என் பேரையும் எழுதிக்கோன்னேன். வேணாம்மா, நீ மல்லாட்டக்காரி, எனக்குக் கடலு வேணும்னான். அந்தக் கோவத்துலதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது."

அந்தப் பையன் முனியம்மாளிடம் வேறு என்ன கேட்டான் என்றார் மேடம்.

"வேற ஒண்ணும் கேக்கல. பேரும் ஊரும்தான். அப்பறம் அவனே எழுதிக்கினான்." கோவிந்தம்மாள் பேசிக்கொண்டே பால் பூத் பக்கம் எட்டிப் பார்த்தார். "அங்க ஓரமா நிக்குதே ஒரு ஆளு, உங்ககூட வந்தவரா? தனியா நிக்கிறாரு, இப்பிடி வரச் சொல்லுங்க."

"வருவாரு. அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆவும்" என்றார் மேடம்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்த டீக்கடைக்கு வந்தோம். மேடம் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அட்டையை எடுத்து எனக்கு நேராக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். பின்பக்கத்தில், பாதியில் வெட்டுப்பட்ட கல்யாணப் பத்திரிகை. இரண்டு மாலை மாற்றும் கைகள், ஒரு சிலுவை, அதற்குக் கீழே தங்க எழுத்தில் 'அமல்ராணி அவர்களின் மகள் ரோஸ்லின்', அதற்கும் கீழே 'வளவனூர்'.

அமல்ராணி என் அம்மா. ரோஸ்லின் என் அக்கா.

"காயத்ரி வூட்டுலயே தெரிஞ்சுதா மேடம்?"

"தெரிஞ்சுது. உன் எழுத்த நான் ஆறு வருசமா படிக்கிறேன், முன்பக்கமே போதும். இங்க எதுக்கு வந்தேன்னா, வழியில எங்கனாச்சும் நீயா சொல்லுவியான்னு பாக்கத்தான்."

காலையிலிருந்து நான் அடித்த ஜோக் ஒவ்வொன்றும் வழியில் போட்ட முள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் சோறு பரிமாறுகிறவரிடமே. டீயைத் தொடவில்லை.

சொன்னேன். நாற்பத்தொன்பது அட்டை உண்மையாகவே சேர்த்தது. மறுநாள் காலை கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தது. எல்லாரும் வயல் சொல்லாகவே கொண்டுவருகிறார்கள், கடற்கரைச் சொல் கொண்டுவந்தால் சாருக்குப் பிடிக்கும். பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் நானே ஒரு சொல்லைக் கட்டினேன். பெயர் இல்லாவிட்டால் கிழித்துவிடுவார். எதிரே கருவாட்டுக் கூடை இருந்தது. வகுப்பில் சார் அதைப் படித்து எல்லாரும் கை தட்டியபோது எழுந்து நின்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். புத்தகம் வந்தபோது அந்தப் பக்கத்தை மடித்து வைத்துப் பல பேருக்குக் காட்டியும் இருக்கிறேன். இன்றைக்குக் காலையில் அந்த அம்மா படியேறி வரும்வரை முனியம்மாள் என்பது எனக்கு அட்டையில் நிரப்பிய ஒரு இடம், அவ்வளவுதான்.

மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வார்த்த உன்னுது. சரி. கடக்கரையில மணல்லேர்ந்து படகு தள்றாங்க. அங்க ஏது கதவு?"

நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க வூட்டுக் கதவு மேடம்."

அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு அப்பா இறந்துவிட்டார். பத்திரிகை அடித்ததிலிருந்து பந்தல் போட்டது வரை எல்லாம் அம்மா ஒருத்தி செய்தது. கல்யாணத்தன்று காலை அக்கா கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில், முதல் முகமாக உன் முகம் வேண்டாம் என்று அத்தை சொல்லி, அம்மாவைக் கையைப் பிடித்து அறைக்குள் விட்டாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். கார் நகரும்வரை வெளியே வரவில்லை. நான் பந்தலிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குச் சாமியாருக்குக்கூடத் தெரியாது; தெரிந்திருந்தால் அத்தையைத் திட்டியிருப்பார். இரண்டு மாதம் கழித்து, அதே பத்திரிகையை வெட்டி அட்டை ஆக்கி, பின்பக்கத்தைத் திருப்பியதும் அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டு அசிங்கத்தை எங்கள் வீட்டுப் பெயரில் எழுத வெட்கமாக இருந்தது. கடல் எங்கோ இருந்தது, அங்கே போட்டுவிட்டேன்.

மேடம் ஆறிப்போன என் டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். நான்தான் ஆரம்பித்தேன். ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவோம், முனியம்மாள் சொல்லவில்லை, ஒரு மாணவன் கட்டிய பொய் என்று விவரமாக எழுதுவோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றேன். என்னை இந்த மாவட்டத்தில் பத்துப் பேருக்குத் தெரியும், இந்தத் தொழிலில் பிழைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன்.

"மொட்டக் கடுதாசி எத்தினியோ பிரிச்சாச்சு ஜெனித். அது எதையும் தீக்காது." மேடம் எழுந்துகொண்டார். "அன்னிக்கு உனக்கு ஒரு பேரு தேவப்பட்டுது இல்ல? அந்தம்மாவுக்கு இன்னிக்குத் தேவப்படுது."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓடைமேட்டுக்குப்பத்தில், வலை பின்னும் கூடத்தில் ஊர் கூடியிருந்தது. காயத்ரியும் வந்திருந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி ஒரு மூலையில் முனியம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. பஞ்சாயத்தாரிடம் மேடம் இரண்டே வார்த்தை பேசிவிட்டு என்னைக் காட்டினார்.

பேசுவதற்கு எனக்கு என்றைக்கும் பயமில்லை. அன்றைக்கு முதல் வாக்கியம் வரவில்லை. பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அட்டையைத் தூக்கிக் காட்டினேன். இந்தச் சொல்லை முனியம்மாள் சொல்லவில்லை, நான் கட்டினேன், உங்கள் ஊருக்கு நான் வந்ததே இன்றைக்குத்தான் முதல் தடவை என்றேன். அது எங்கள் வீட்டில் நடந்தது என்பதையும் சொன்னேன். கூட்டத்தில் இளவட்டங்கள் நான்கைந்து பேர் எழுந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். முன்வரிசையில் இருந்த லட்சுமியம்மாள் என்ற வயதான அம்மா மட்டும், பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னார். அந்தப் பையனுக்குத் தன் பேரன் வயதுதான் இருக்கும் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

நான் விழப் போனேன். முட்டி தரையைத் தொடுவதற்கு முன்னால் முனியம்மாள் குரல் வந்தது.

"விழாத தம்பி. விழமாட்டேன்னு மூணு வாரமா நின்னவ நானு. நீயும் நின்னுக்கினே சொல்லு. ஒவ்வொருத்தருக்கா சொல்லு."

முன்வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, நான் கட்டின பொய் என்று சொன்னேன். ஐந்தாவது ஆளுக்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியாக முனியம்மாள் முன்னால் வந்து நின்றேன். அதற்குள் லட்சுமியம்மாள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் எல்லாருக்கும் கேட்கும்படி, முனியம்மாள் மேல் குற்றமில்லை, நாம்தான் அவசரப்பட்டோம் என்று சொன்னார். அகராதியின் அடுத்த பதிப்பில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அது எப்படி வந்தது என்பதை என் பெயரோடு அச்சடிப்பதாகக் காயத்ரி சொன்னார். பதிப்பு வரும்வரை காத்திருக்காமல், விழாவில் பேசிய பெண்ணுக்கும் அதையே எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

அட்டையை ஊரிலேயே கொளுத்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். முனியம்மாள் அதை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். எழுத்துப் பக்கம் அவருக்குப் புரியாது. மாலை மாற்றும் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்கம்மா இருக்குதா?"

"இருக்காங்க."

"அதாண்ட சொன்னியா?"

தலையை ஆட்டினேன். சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அட்டையைத் திரும்ப என் சட்டைப் பையில் செருகினார். "இது எங்க ஊரு வார்த்த இல்ல. உன் வூட்டுது. எடுத்துக்கினு போ."

விழுப்புரம் வந்ததும் மேடம் என்னை ஆபீஸுக்கு வர விடவில்லை. அப்படியே வளவனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார்.

நான் போனபோது அம்மா மாலைப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன். பத்திரிகைப் பக்கம் மேலே இருந்தது. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "ரோஸ்லின் கல்யாணப் பத்திரிக. இத எங்கடா புடிச்ச?" என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக, உதடு அசைய, கடைசி வரி வரை படித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முனியம்மாள், குப்பம், பதினேழு பேர், எல்லாம். அவள் காதில் அது எதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரும் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. முக்கியமா நீ. அந்தத் தைரியத்துலதான் பதினாறு வருசமா உன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கேன்."

கோயிலில் இரண்டாவது மணி அடித்தது. அவள் போகவில்லை. வெகு நேரம் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.